ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தொடங்கிய கணக்கு: மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்தைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: மே 30, சிகாகோ

இன்று காலை சிகாகோவின் மில்லேனியம் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது, பாதரசத் துளிபோல் மினுங்கும் பெரிய எஃகுச் சிற்பத்தைச் சுற்றிக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் அந்தச் சிற்பத்துக்காக வரவில்லை. 1879ஆம் ஆண்டு, இதே மே 30ஆம் நாள், ஏரிக்கரையை ஒட்டிய இந்தப் பகுதியில் வொயிட் ஸ்டாக்கிங் பார்க் என்ற பேஸ்பால் மைதானம் இருந்தது. அங்கே ஏறத்தாழ 500 பேர் பார்த்திருக்க, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் கல்லூரி மாணவர்களோடு ஆடி, ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அலெகெனி மலைகளுக்கு மேற்கே நடந்த முதல் ரக்பி கால்பந்து ஆட்டம் என்று சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் அதைக் குறித்தது. மைதானத்தின் சுவடு எதுவும் இன்று இல்லை. எனினும் அந்த நாளில் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே பயணத் தேதியை இப்படி அமைத்துக்கொண்டேன்.

நாம் ஊரில் கால்பந்து என்று சொல்வது வேறு, அமெரிக்கர்கள் அப்பெயரால் சொல்வது வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும்; அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், உதைக்கவும் செய்யலாம். பந்தை எதிரணியின் எல்லைக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது டச்டவுன். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் அது ஒரு ‘ஃபர்ஸ்ட் டவுன்’, மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேற வழியில்லை என்று தோன்றினால் பந்தைத் தொலைதூரத்துக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் இந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கப் போதும்.

ஒரு தமிழன் இந்த ஆட்டத்தின் பழைய கணக்குகளைத் தேடி ஏன் அலைய வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடியவன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் கூடுகைக்காக, நாங்கள் மண்டலப் போட்டியில் வென்ற ஆண்டு எது, இறுதி ஆட்டத்தில் யார் யார் ஆடினார்கள் என்று கேட்டுக் கல்லூரிக்குப் போனேன். உடற்கல்வித் துறையின் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டு வெகுநாளாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகுதான், தன் முதல் ஆட்டத்தின் தேதியையும் அதில் முதல் டச்டவுன் அடித்தவர் பெயரையும் 140 ஆண்டுகளுக்கு மேலாக மறக்காமல் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த முதல் டச்டவுனை அடித்தவர் இர்விங் பாண்ட். பின்னர் கோலை உதைத்து வெற்றியைத் தந்தவர் டேவிட் டிடார். அக்கால விதிப்படி டச்டவுனுக்குத் தனி மதிப்பு இல்லை, கோல்தான் கணக்கு. அதனால்தான் பதிவேட்டில் 1–0 என்று இருக்கிறது. தோற்ற ரசீன் கல்லூரி 1933ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கல்லூரியின் பெயர் இன்றும் எங்கேனும் உச்சரிக்கப்படுகிறது என்றால், அதற்குப் பெருமளவு காரணம் அது அன்று தோற்றதை வென்றவர்கள் எழுதி வைத்திருப்பதுதான்.

இரண்டாம் நாள்: மே 31, சிகாகோவிலிருந்து ஆன் ஆர்பர்

சிகாகோ யூனியன் நிலையத்திலிருந்து புறப்படும் ஆம்டிராக் ரயிலின் பெயரே வுல்வரின். நீர்நாயின் உறவான, கரடிக்குட்டி போன்ற அந்த மூர்க்க விலங்கின் பெயரைத்தான் மிச்சிகன் அணியும் சூடியிருக்கிறது. இந்தியானா எல்லையைத் தாண்டிய பிறகு கலமசூ, பேட்டில் கிரீக், ஜாக்சன் என்று ஊர்கள் வரிசையாக வந்தன. இடையில் ஒரு நீண்ட பகுதியில் ரயில் மணிக்கு 110 மைல் வேகத்தில் ஓடியது. சன்னல் வழியே சோளக்கொல்லைகளைப் பார்த்தபோது அணியின் நிறங்கள் நினைவுக்கு வந்தன: மக்காச்சோள மஞ்சளும் நீலமும். 1867ஆம் ஆண்டிலேயே மாணவர்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. கால்பந்து அணி பிறந்ததோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

ரயிலில் வரும்போது 1881ஆம் ஆண்டின் பயணத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். கால்பந்து அப்போது கிழக்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் சொத்தாக இருந்தது. முதல் ஆட்டம் ஆடி இரண்டே ஆண்டுகள் ஆன மிச்சிகன் மாணவர்கள் அவ்வளவு தூரம் சென்று, ஒரே வாரத்துக்குள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று அணிகளோடும் ஆடினார்கள்; மூன்றிலும் தோற்றார்கள். தோல்விகள் மட்டுமே கிடைத்த பயணம் என்றாலும், மேற்கிலிருந்து ஓர் அணி வந்து தங்களோடு ஆடும் என்பதைக் கிழக்குக்காரர்கள் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அணியின் துணிவை அளக்க வெற்றிப் பட்டியலைக் காட்டிலும் இந்த மூன்று தோல்விகளே எனக்கு ஏற்ற அளவுகோலாகத் தோன்றுகின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரான ஆன் ஆர்பரில் இறங்கியதும் அருகே 1886ஆம் ஆண்டில் கட்டிய பழைய கல் ரயில் நிலையம் கண்ணில் பட்டது. இப்போது அது உணவகம். காண்டனில் குடியிருக்கும் என் அக்கா மகள் காரோடு காத்திருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றாள். நான் முதலில் ஸ்டேட் தெருவுக்குப் போகச் சொன்னேன். “ஒரு கட்டடத்தைப் பார்க்கவா மாமா இவ்வளவு அவசரம்?” என்று கேட்டாள். ஆம், ஒரு கட்டடத்துக்குத்தான்.

மிச்சிகன் யூனியன் என்ற அந்தச் செங்கல் கட்டடம் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுந்தது. 1960 அக்டோபர் 14ஆம் தேதி அதிகாலை ஜான் கென்னடி அதன் படிகளில் நின்று பேசியதுதான் அமெரிக்கத் தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ‘பீஸ் கோர்’ திட்டத்துக்கு வித்தானது. அதற்குரிய பலகையும் அங்கே பதித்திருக்கிறது. ஆனால் நான் தேடி வந்த செய்தி அதற்கும் முந்தியது. இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் பாண்ட் சகோதரர்கள். அவர்களுள் மூத்தவர், நேற்று நான் நின்ற இடத்தில் 1879இல் முதல் டச்டவுன் அடித்த அதே இர்விங் பாண்ட். ஆன் ஆர்பரில் பிறந்து, இங்கேயே படித்து, சிகாகோவில் கட்டடக் கலைஞராகப் பேரெடுத்தவர். வாசலின் மேலே இரண்டு கற்சிலைகள் நிற்கின்றன: ஒன்று விளையாட்டு வீரன், மற்றொன்று மாணவன். தானே அந்த இருவருமாக இருந்தவர் கட்டிய வாசலில் அந்தச் சிலைகளைப் பார்த்தபோது, நெடுநேரம் அண்ணாந்தே நின்றிருந்தேன். அக்கா மகளுக்கு விவரத்தைச் சொன்னேன். ஆறு ஆண்டுகளாக இந்த வழியாகப் போய்வருகிறாளாம். இதுவரை அந்தச் சிலைகளைக் கவனித்ததில்லை என்றாள்.

மூன்றாம் நாள்: ஜூன் 1, பென்ட்லி நூலகம்

வடக்கு வளாகத்தில் உள்ள பென்ட்லி வரலாற்று நூலகத்தில்தான் மிச்சிகன் விளையாட்டுத் துறையின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அணிப் படங்கள், வீரர் பட்டியல்கள், பயிற்சியாளர்களின் கடிதக் கட்டுகள் என்று ஒவ்வொன்றும் எண்ணிட்ட பெட்டிகளில் ஒழுங்காக இருக்கின்றன. 1879 அணியின் படத்தையும் பார்த்தேன். உட்கார்ந்தவர்கள் யார், நிற்பவர்கள் யார் என்று பெயர் சொல்ல முடிகிற படம் அது. என் கல்லூரி அணியின் ஒரே ஒரு படம் என் வீட்டில் இருக்கிறது. அதில் இரண்டு முகங்களுக்கு எனக்கே பெயர் தெரியாது.

இன்றைய பொழுதின் பெரும்பகுதியை ஃபீல்டிங் யோஸ்ட் என்ற பயிற்சியாளரின் முதல் ஐந்து பருவங்களுக்கே செலவிட்டேன். 1901இல் வந்தார், அந்த ஆண்டு அவருடைய அணி 11 ஆட்டங்களில் 550 புள்ளிகள் எடுத்தது, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கு 644க்கு 12, 565க்கு 6, 567க்கு 22, 495க்கு 2. நானே பென்சிலால் கூட்டிப் பார்த்தேன்: 2,821க்கு 42. டச்டவுனுக்கு ஐந்து புள்ளிகளே கொடுத்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. இன்றைய ஆறு புள்ளிக் கணக்கில் அந்த எண் இன்னும் பெருத்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் அணி என்று பத்திரிகைகள் பெயரிட்டன. 1904இல் வெஸ்ட் வர்ஜீனியாவை 130–0 என்று வென்றார்கள். 1902 ஜனவரி 1ஆம் நாள் கலிபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டு ரோஜா விழாவையொட்டி நடந்த முதல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்போர்டுக்கு எதிராக 49–0 என்று இருந்தபோது, முடிய இன்னும் எட்டு நிமிடங்கள் இருக்கையில், எதிரணித் தலைவரே வந்து ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். விழாக் குழுவினர் அதன் பிறகு 1916 வரை கால்பந்தையே அங்கு நடத்தவில்லை.

இந்த ஐந்து ஆண்டுகளில் மிச்சிகன் தொடர்ந்து 56 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. 55 வெற்றி, ஒரு சமன். சமனானது 1903இல் மினசோட்டாவுடன், 6–6. அந்த ஆட்டத்துக்காக யோஸ்டின் மாணவ உதவியாளர் மினியாபொலிஸ் கடையொன்றில் 30 செண்ட் கொடுத்துத் தண்ணீர்ச் சாடி ஒன்றை வாங்கினார்; ஊர் திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். திருப்பிக் கேட்டபோது, வந்து வென்று எடுத்துப் போங்கள் என்ற பொருளில் மினசோட்டாக்காரர்கள் பதில் சொன்னார்கள். 1909இல் மிச்சிகன் வென்று எடுத்துவந்தது. அன்று முதல் இன்றுவரை இரு அணிகளும் மோதும்போதெல்லாம் வெல்பவருக்குப் பரிசு அந்தச் சாடிதான். தங்கக் கோப்பையைவிட 30 செண்ட் மண்சாடிக்கு மதிப்புக் கூடுவது எப்படி என்பதை, பக்கத்து ஊரோடு பந்தயம் கட்டி ஆடிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த நீண்ட வரிசை முறிந்தது 1905 நவம்பர் 30 அன்று, சிகாகோ பல்கலைக்கழகத்திடம், 2–0 என்ற கணக்கில். தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடித்த டென்னி கிளார்க், அதை முன்னே கொண்டுவர முயன்றபோது மடக்கப்பட்டு, எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் போயின. ஐந்தாண்டு அணி முழுவதின் தோல்வியையும் பத்திரிகைகள் அந்த ஓர் இளைஞனின் தலையில் ஏற்றின. 2,821 புள்ளிகள் எடுத்தது அணி; இரண்டு புள்ளிகள் கொடுத்தவன் மட்டும் தனியாள் ஆகிவிட்டான். விளையாட்டுப் பதிவேடுகளின் கொடுமை இது என்று எனக்குப் பட்டது, இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

பிற்பகலில் பக்கத்திலேயே இருக்கும் ஜெரால்ட் ஃபோர்டு நூலகத்துக்குச் சென்றேன். அமெரிக்காவின் 38ஆவது குடியரசுத் தலைவரான ஃபோர்டு, மிச்சிகன் அணியில் 48ஆம் எண் அணிந்து நடுவில் நின்று பந்தைப் பின்னோக்கித் தரும் சென்டர் இடத்தில் ஆடியவர். 1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அணி தோல்வியே காணாமல் தேசிய வாகை சூடியது. அவருடைய கடைசி ஆண்டான 1934இல் எட்டில் ஏழு ஆட்டங்கள் தோல்வி. அந்த அணியின் சிறந்த வீரராகச் சக வீரர்கள் அவரைத் தேர்ந்தார்கள்.

அந்த ஆண்டின் ஒரே வெற்றியைப் பற்றித்தான் எழுத வேண்டும். 1934 அக்டோபர் 20, ஜார்ஜியா டெக் அணியோடு ஆட்டம். மிச்சிகன் அணியில் வில்லிஸ் வார்ட் என்ற கறுப்பின வீரர் இருந்தார்; ஓட்டப் பந்தயத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸையே வென்றிருக்கிறவர். கறுப்பின வீரர் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது தெற்கிலிருந்து வந்த அணி. வளாகத்தில் மாணவர்கள் எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினார்கள். ஆயினும் பல்கலைக்கழகம் பணிந்து வார்டை வெளியே உட்காரவைத்தது. வார்டின் நெருங்கிய நண்பரான ஃபோர்டு ஆடாமல் விலகிவிட எண்ணினார். வார்டே கேட்டுக்கொண்டதால் ஆடினார் என்று பின்னாளில் சொன்னார். மிச்சிகன் 9–2 என்று வென்றது. வென்ற கணக்கு மட்டும் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. 65 ஆண்டுகள் கழித்து, 1999இல், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனப் பன்மைக்கு இடம் தர வேண்டும் என்று வாதாடிய கட்டுரையில் ஃபோர்டு இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். வார்ட் வழக்கறிஞராகி, பிறகு நீதிபதியும் ஆனார்.

வார்டுக்கு முன் மிச்சிகனில் ஆடிய கறுப்பின வீரர் ஜார்ஜ் ஜூவட். அவர் ஆடியது 1890இலும் 1892இலும். இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒருவர்கூட இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான் காலையில் நான் வியந்து கூட்டிய 2,821 புள்ளிகளும் அடங்கியிருக்கின்றன. ஒரே தாளில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள்: ஜூன் 2, ஃபெர்ரி மைதானமும் ஸ்டேட் தெருவும்

இன்று சுருக்கமாக எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் அதிகம் நடக்க முடியவில்லை. பழைய ஃபெர்ரி மைதானத்தின் செங்கல் வாயில் இன்னும் நிற்கிறது. 1906 முதல் 1926 வரை மிச்சிகன் கால்பந்து அணி ஆடிய இடம் இது. ஆயினும் இங்குள்ள பலகை கால்பந்தைப் பற்றியதன்று: 1935 மே 25 அன்று ஒஹையோ ஸ்டேட் மாணவரான ஜெஸ்ஸி ஓவன்ஸ், முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலகச் சாதனைகளைப் படைத்து, நான்காவதைச் சமன் செய்த மண் இது. ஜென்மப் பகையான பல்கலைக்கழகத்தின் மாணவன் தம் மண்ணில் செய்த சாதனைக்கு மிச்சிகன்காரர்கள் பலகை வைத்திருப்பது எனக்கு நிறைவளித்தது.

பக்கத்தில் 1923இல் திறந்த யோஸ்ட் அரங்கம். இப்போது பனி ஹாக்கி ஆடும் இடம். யோஸ்டின் காலத்து இன ஒதுக்கலைக் காரணம் காட்டி அவர் பெயரை இதிலிருந்து நீக்கலாம் என்று 2021இல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவொன்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு மிச்சிகனும் நார்த்வெஸ்டர்னும் தம் ஆட்டத்துக்கான கோப்பைக்கு ஜார்ஜ் ஜூவட்டின் பெயரைச் சூட்டின; அவர் இரு பல்கலைக்கழகங்களிலும் ஆடியவர்.

சற்றுத் தள்ளி ஷெம்பெக்லர் கூடம். போ ஷெம்பெக்லர் 1969இல் பொறுப்பேற்றபோது, தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்றிருந்த ஒஹையோ ஸ்டேட் அணியை அந்த நவம்பரிலேயே 24–12 என்று வீழ்த்தினார். எதிரணியின் பயிற்சியாளர் வூடி ஹேஸ், ஷெம்பெக்லருக்கு ஒரு காலத்தில் ஆசானாக இருந்தவர். அடுத்த பத்தாண்டு இருவருக்குமான போராகவே கழிந்தது. 21 பருவங்களில் 194 வெற்றி, 48 தோல்வி, 5 சமன் என்பது மிச்சிகனில் வேறு எந்தப் பயிற்சியாளரும் எட்டாத எண்ணிக்கை. வாசலில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது.

அந்தச் சிலையின் முன் நின்றபோது இன்னொரு கணக்கும் மனத்தில் வந்தது. அவர் காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவராக இருந்தவர், பல பத்தாண்டுகள் மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். அந்த மருத்துவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உண்மை வெளிவந்தது. 2022 ஜனவரியில் 1,000க்கும் மேற்பட்டோருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் கால்பந்து வீரர்களும் இருந்தார்கள். வெற்றிகளை எண்ணுவதற்கு இவ்வளவு அக்கறை காட்டிய இடத்தில், அந்த வெற்றிகளுக்காக உடலைத் தந்த பிள்ளைகளின் குரலை யாரும் எழுதி வைக்கவில்லை. இதைத் தவிர்த்துவிட்டு மிச்சிகன் கால்பந்தின் வரலாற்றை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாலையில் மழை விட்டதும் அக்கா மகளின் வீட்டில் அமர்ந்து, மீண்டும் யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கிய சட்டை எண்களைப் பட்டியலிட்டேன். 11, 21, 47, 48, 87, 98. இவற்றில் 11ஆம் எண்ணின் கதை விசேஷமானது: ஃபிரான்சிஸ், ஆல்பர்ட், ஆல்வின் என்ற விஸ்டர்ட் சகோதரர்கள் மூவரும் வெவ்வேறு காலங்களில் வந்து, அதே எண்ணை அணிந்து, முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதும் அதே டாக்கிள் இடத்தில் ஆடி, மூவருமே அகில அமெரிக்க வீரர்களாகத் தேர்வு பெற்றார்கள். இடையில் போர்ப்படையில் பணியாற்றிவிட்டு வந்த ஆல்வினுக்கு 1949இல் அந்தப் பெருமை கிடைத்தபோது வயது 33. 98ஆம் எண் டாம் ஹார்மனுடையது. 1940இல் தன் கடைசி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டைக் கொலம்பஸ் நகரிலேயே 40–0 என்று தோற்கடித்தபோது, ஓடி மூன்று டச்டவுன், எறிந்து இரண்டு, இவற்றோடு எதிரணியின் மூன்று எறிபந்துகளையும் பறித்தார். பகைவரின் ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். போர் விமானியாக இருமுறை விமானம் வீழ்ந்தும் உயிர் தப்பியவர். அவர் உயிரைக் காத்த பாராசூட் துணியில்தான் அவருடைய மணமகளின் ஆடை தைக்கப்பட்டது.

ஐந்தாம் நாள்: ஜூன் 3, மிச்சிகன் ஸ்டேடியம்

வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பெரிய அரங்கம் என்று நம்பவே முடியாது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், வாயிலைக் கடந்ததும் நாம் மேல் விளிம்பில் நிற்கிறோம். காலுக்குக் கீழே ஏரியைத் தூர்வாரியது போல் பள்ளம் இறங்குகிறது. ஊற்று நீர் பெருக்கெடுக்கும் நிலத்தில் தோண்டினார்கள். கட்டுமானத்தின்போது சேற்றில் மூழ்கிய பாரந்தூக்கி ஒன்று இன்னும் அடியில் இருப்பதாக ஊரில் கதை உண்டு. யோஸ்ட் 1927இல் இதைக் கட்டியபோது மாநில அரசின் வரிப்பணத்தைக் கேட்கவில்லை; 500 டாலர் வீதம் 3,000 பத்திரங்களைப் பொதுமக்களிடம் விற்றார். அப்போதைய இருக்கைகள் 72,000. ஒரு நாள் ஒரு லட்சம் பேர் வருவார்கள் என்று நம்பி, அதைத் தாங்கும்படியாகவே அடித்தளத்தை அமைக்கச் செய்தார். வந்த ஆண்டிலிருந்தே எண்களை மலைபோல் குவித்த மனிதர், தான் பார்க்கப்போகாத எண்ணுக்கும் அடித்தளம் போட்டிருக்கிறார்.

இன்றைய கொள்ளளவு 107,601. கடைசியில் நிற்கும் அந்த ஒன்று, பயிற்சியாளராகவும் பின்பு விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்த ஃபிரிட்ஸ் கிரிஸ்லருக்கான இருக்கை. அது எங்கே என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. 1956இல் 101,001 ஆனதிலிருந்து அரங்கத்தின் எண் ஒன்றில்தான் முடிகிறது. மஞ்சள் இறக்கைகள் விரிந்த நீலத் தலைக்கவசத்தை 1938இல் மிச்சிகனுக்குத் தந்தவரும் அவரே. 1947இல் அவருடைய கடைசி அணி எல்லா ஆட்டங்களிலும் வென்று, ரோஸ் பவுலில் தெற்குக் கலிபோர்னியாவை 49–0 என்று தோற்கடித்தது. 1902இல் ஸ்டான்போர்டுக்கு எதிராகப் பெற்ற அதே கணக்கு.

1975 நவம்பர் 8 முதல், ரசிகர்களை அனுமதிக்காத 2020 பெருந்தொற்றுப் பருவம் நீங்கலாக, இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். 2013 செப்டம்பர் 7 அன்று நாட்ர டேம் அணிக்கெதிரான இரவு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 115,109 பேர். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு காலி இருக்கைகளைப் பார்த்தேன். பின்னால் சாயக்கூட வழியில்லாத பலகை வரிசைகள் மட்டுமே. நான் 500 பேரிலிருந்து எண்ணத் தொடங்கி வந்தவன் என்பதால் அங்கே உட்கார்ந்து எழ மனம் வரவில்லை.

பதிவேட்டில் எனக்கு மிகப் பிடித்த ஆட்டம் இங்கே நடந்ததன்று. பெருமையாகக் காட்டும் புள்ளிவிவரமும் அதில் இல்லை. 1950 நவம்பர் 25, கொலம்பஸ் நகரில் பனிப்புயல். மிச்சிகன் அன்று முழு ஆட்டத்திலும் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூடப் பெறவில்லை. முன்னேறியது மொத்தம் 27 கஜம். இரு அணிகளும் சேர்ந்து 45 முறை பன்ட் உதைத்தன, அவற்றுள் 24 மிச்சிகனின் சக் ஆர்ட்மன் ஒருவர் உதைத்தவை. கிடைக்கிற பந்தை உடனே உதைத்து அனுப்பிவிட்டு, எதிரணி பனியில் தடுமாறும் தருணத்துக்காகக் காத்திருந்தார்கள். 9–3 என்று வென்றார்கள், ரோஸ் பவுலுக்கும் போனார்கள். ஆடுகளம் எதையும் தராத நாளில் எப்படி வெல்வது என்பதற்கு நான் அறிந்த அளவில் இதைவிடத் துல்லியமான ஆவணம் இல்லை.

இதே அரங்கம் 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் ஐந்தாமிடத்தில் இருந்த தன் அணி கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றதையும் பார்த்தது. கடைசி விநாடிகளில் உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவை அழைத்துச் சென்ற வழிகாட்டிப் பெண்மணி அதை மறைக்கவில்லை. எந்தப் பக்கத்து கோல் கம்பத்தை நோக்கி உதைத்தார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஆயிரமாவது வெற்றி 2023 நவம்பர் 18 அன்று மேரிலாந்தில், 31–24 என்று வந்தது. வேறு எந்தக் கல்லூரி அணியும் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அன்று களத்தில் இல்லை. எதிரணிகளின் சைகைகளை விதிமீறி ஆள் வைத்து அறிந்துகொண்டதாக எழுந்த புகாரில் மூன்று ஆட்டங்களுக்கு அவருக்குத் தடை. ஷெரோன் மூர் பொறுப்பில் நின்றார். அந்தப் பருவம் 15 வெற்றிகளோடு தேசிய வாகையில் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34–13 என்று வென்றார்கள். 2025இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கடுமையான அபராதம் விதித்தது, எனினும் வெற்றிகளை அழிக்கவில்லை. ஆகவே ஆயிரம் என்பது ஆயிரமாகவே நிற்கிறது, பக்கத்தில் அந்தப் புகாரும் நிற்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவர் ரசிகரோ பகைவரோ ஆகலாம், பதிவாளர் ஆக முடியாது.

வெளியே வரும்போது ஊரிலிருந்து என் பழைய அணித்தோழர் அழைத்தார். பென்ட்லியில் இருந்து வந்த இரவே எங்கள் அணிப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவரின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் வேதியியல் படித்தவர், இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டுச் சென்றவராம். பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வலக்கோடியில் நிற்பவர் யார் என்பது மட்டும் அவருக்கும் நினைவில்லை; அந்த ஆண்டு விடுதிக் காப்பாளராக இருந்தவரின் முகவரியைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.